கிடாரில் ஒன்று மட்டும் வேறு

இது கற்பனை இல்லை. என் கண்முன்னால் நடந்தது. என்னோடு சேர்த்து மூன்று பேர் அந்த அறையில் இருந்தோம்.

அந்த மூவரில் ஒருவர் கிருபாவதி அக்கா. போன மாதம்தான் அவரை அல்லிநகரத்தில் அடக்கம் செய்தோம். பெட்டியை மூடுவதற்கு முன் வழக்கம்போல அவர் கழுத்துச் சங்கிலியைக் கழற்றப் போனார்கள். "கழற்றக் கூடாது" என்று நான் ஒருவன் மட்டும் பிடிவாதமாக நின்றேன். நகை போனால் போகட்டும், அந்தச் சங்கிலி அப்படியே இருக்க வேண்டும் என்று சண்டை போட்டேன். ஏன் என்று எல்லோரும் கேட்டார்கள். அங்கே என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இதோ, இதுதான் பதில்.

எழுபதுகளின் தொடக்கத்தில் தேனியில் நாங்கள் ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தோம். கல்யாணம், கோயில் திருவிழா, எஸ்டேட் ஆண்டு விழா என்று எங்கே கூப்பிட்டாலும் வேன் ஏறுவோம். கிருபாவதி அக்காவின் கணவர் ஞானதுரை அண்ணன் லீட் கிடார். அவருக்குப் பக்கத்தில் நான் ரிதம் கிடார். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அவர் எங்களுக்கு ஒரு சைகை கொடுப்பார். இடது கை ஆள்காட்டி விரலால் கிடாரின் கழுத்தில் மூன்று தட்டு. ஒரு மூச்சு இடைவெளி. பிறகு ஒரு தட்டு. அந்த நான்காவது தட்டில் எல்லோரும் ஆரம்பிப்போம். மேடைக்குக் கீழே இருக்கிற யாருக்கும் அது தெரியாது.

கிருபாவதி அக்கா மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கண்டிப்பான சபைக் குடும்பம். சினிமாப் பாட்டுக் கச்சேரிக்கு அவர் ஒருநாளும் வந்ததில்லை.

அண்ணனின் கிடார் அந்த வட்டாரத்திலேயே பேர் போனது. மேகமலை எஸ்டேட்டில் ஒரு வெள்ளைக்கார மேனேஜர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போன அமெரிக்க எலெக்ட்ரிக் கிடார். நடுவில் தேன் மஞ்சள். ஓரம் போகப் போகப் பழுப்பு. விளிம்பில் கறுப்பு. சன்பர்ஸ்ட் என்று சொல்வார்கள். சட்டை இல்லாமல்கூட அண்ணன் தெருவில் இறங்கிவிடுவார். அந்தக் கிடார் இல்லாமல் இறங்க மாட்டார்.

1973 நவம்பரில் மேகமலையில் ஒரு கச்சேரி. முடிந்ததும் நாங்கள் வேனில் மலை இறங்கிவிட்டோம். "பழைய சிநேகிதக்காரரப் பாத்துட்டு விடியக்காலம் வாரேன்" என்று அண்ணன் மட்டும் தங்கினார். தோளில் கிடார்.

வரவே இல்லை.

அந்தச் சிநேகிதர் வீட்டுக்கும் அவர் போகவில்லை. போலீஸ் தேடியது. நாங்கள் தேடினோம். பிறகு ஒரு வதந்தி வந்தது. மதராஸில் ஏதோ ஸ்டுடியோ வாசலில் அவரைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். கிருபாவதி அக்கா அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். ஞாயிறு ஆராதனையில் பிரயாணத்தில் இருப்பவர்களுக்காகப் போதகர் ஐயர் ஜெபம் செய்வார். அதில் அண்ணன் பெயரையும் சொல்லச் சொன்னார். மூன்று வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பெயர் பிரயாணத்தில் இருந்தது.

இந்த நிலையில்தான் 1976 நவம்பரில் சின்னமனூர் மைக் செட் கடை சீனிச்சாமி எனக்கு ஆள் அனுப்பினார். தன்னிடம் ஒரு எலெக்ட்ரிக் கிடார் இருக்கிறதாம். முழுக்கக் கறுப்பு. அமைப்பைப் பார்த்தால் ஞானதுரை கிடார் மாதிரியே இருக்கிறதாம்.

நான் தனியாகப் போயிருக்க வேண்டும். ஆனால் சேதி எப்படியோ பள்ளிக்கூடத்துக்கு எட்டிவிட்டது. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் குடையோடு எனக்கு முன்னால் அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"டீச்சரம்மாவ எதுக்குப்பா கூட்டியாந்த?" என்று சீனிச்சாமி என் காதைக் கடித்தார்.

"நானா கூட்டியாந்தேன்? அவுகதான் என்னைய இழுத்துட்டு வந்தாக."

கடைக்கு மேல் மாடியில் ஓர் அறை. சுவர் முழுக்கப் புனல் ஸ்பீக்கர்கள் வாயைப் பிளந்துகொண்டு தொங்கின. மூலையில் ஒரு பழைய ஆம்பிளிஃபையர். வெளியே மழை. மேசை மேல் அந்தக் கிடார் படுத்திருந்தது. இரும்புக் கேட்டுக்கு அடிக்கிற கறுப்பு எனாமல் பெயின்ட்டைத் தலை முதல் கால் வரை அப்பியிருந்தார்கள். ஸ்க்ரூத் தலைகள்கூடப் பெயின்ட்டில் மூழ்கியிருந்தன.

"யாருகிட்ட வாங்குனீக?" என்றேன்.

"மேகமலைத் தச்சன் ஒருத்தன். ஒச்சாண்டின்னு பேரு. ஒரு பழைய ரேடியோவக் குடுத்துட்டு இத வாங்குனேன். ஆறு மாசமா ஆணியிலதான் தொங்குது. யாரும் தொடல."

கிருபாவதி அக்கா கிடாரைத் தொடவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார்.

"தம்பி, ஒவ்வொண்ணாப் பாரு. அவுக கிடார்ல எது கம்பெனியில வந்தது, எது பெறகு மாத்துனதுன்னு ஒனக்குத்தான் தெரியும். இதுல ஒண்ணாவது வேறயா இருக்கணும். ஒண்ணே ஒண்ணு போதும் எனக்கு."

அவர் கேட்டது புரிந்தது. கிடார் அண்ணனுடையது என்றால் அண்ணன் மதராஸில் இல்லை. எந்த ஊரிலும் இல்லை. ஆகவே இது வேறு கிடாராக இருந்தே தீர வேண்டும்.

மணி ஆறே முக்கால்.

முதலில் கம்பிகள். ஆறிலும் துரு.

"வாங்கும்போதே தொளதொளன்னு கெடந்துச்சு" என்றார் சீனிச்சாமி.

விரலால் ஒன்றை மீட்டினேன். தொளதொள இல்லை. விறைப்பாக இருந்தது. அடுத்ததை மீட்டினேன். அதற்கடுத்தது...

ஆறும் சுருதி சேர்ந்திருந்தன.

அதுவும் சாதாரணச் சுருதி இல்லை. அரை ஸ்வரம் இறக்கி வைத்த சுருதி. எங்கள் பாடகருக்கு உச்சத்தில் குரல் எட்டாது. அவருக்காக ஞானதுரை அண்ணன் மட்டும்தான் அப்படி இறக்கி வைப்பார். கம்பியை இறுக்குகிற முறுக்காணிகளைப் பார்த்தேன். அவற்றின் மேலும் கறுப்புப் பெயின்ட். எங்கும் விரிசல் இல்லை. பெயின்ட் அடித்த பிறகு யாரும் அவற்றைத் திருகவே இல்லை.

 பிளேடை எடுத்தேன்.

ஓரமாக ஓர் இடத்தில் கறுப்பைச் சுரண்டினேன். எனாமல் சுருளாக வந்தது. அடியில் அடர் பழுப்பு. இன்னும் உள்ளே தள்ளிச் சுரண்டினேன். பழுப்பு வெளுத்தது. இன்னும் கொஞ்சம்...

தேன் மஞ்சள்.

அதன் மேல் தலைமுடி மாதிரி மெல்லிய விரிசல்கள். பழைய கம்பெனி வார்னிஷில் மட்டுமே வருகிற விரிசல்கள். யாராலும் போலியாகச் செய்ய முடியாது.

"என்ன தம்பி?"

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் உண்மை சொல்ல முடியவில்லை.

"இந்தக் கலர்ல நூத்துக்கணக்குல வந்துச்சுக்கா. இது அண்ணனோடது இல்ல. வேற."

கரண்ட் போனது.

இருட்டில் மழைச் சத்தம் மட்டும். பிறகு...

டங்...

ஒரு கம்பி. ஒரே ஒரு தடவை.

"எலி" என்றார் சீனிச்சாமி. தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. மெழுகுவர்த்தி எரிந்தது. மேசை மேல் எலி இல்லை. மூன்றாவது கம்பி மட்டும் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

"தொடு தம்பி, மேற்கொண்டு பாரு" என்றார் அக்கா. "வேறதானே? ஒண்ணு வேறன்னு ஆயிருச்சுல்ல? இன்னும் பாரு."

கிடாரைத் திருப்பிப் போட்டேன். பின்பக்கம் ஒரு தகடு. அதைத் திறந்தால் ஒயர்களைப் பார்க்கலாம். ஸ்க்ரூக்களில் காய்ந்த பெயின்ட்டைக் குத்தி உடைத்துத் திருகினேன். பெயின்ட் 'படக் படக்'கென்று தெறித்தது. பெயின்ட் அடித்த பிறகு யாரும் திறக்காத தகடு.

தகட்டைத் தூக்கினேன்.

வாசனை குப்பென்று வந்தது.

ஏலக்காய்.

உள்ளே ஒயர்களுக்கு நடுவே ஒரே ஒரு ஏலக்காய் இருந்தது. காய்ந்தது இல்லை. பச்சை. காம்பில் ஈரம். செடியிலிருந்து அப்போதுதான் கிள்ளியது மாதிரி.

சீனிச்சாமி இரண்டடி பின்னால் போனார். "வாசன வருதுய்யா... மூணு வருசப் பெட்டிக்குள்ள எப்பிடிய்யா..."

ஞானதுரை அண்ணன் மேடை ஏறும்போது வாயில் எப்போதும் ஏலக்காய் இருக்கும். ஒன்றைக் கிடார் வயிற்றிலும் போட்டு வைப்பார். பூச்சி அண்டாதாம்.

அக்காவுக்கும் அது தெரியும். அவர் உதடு நடுங்கியது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

"ஏலக்காய்க்கா நம்ம சீமையில பஞ்சம்? எவனோ போட்டுருப்பான். ஒயரப் பாரு தம்பி."

பார்த்தேன். துணி சுற்றிய பழைய ஒயர். ஈயம் வைத்த இடங்கள் எல்லாம் கம்பெனியில் வைத்தபடியே இருந்தன. மறுசூடு படாத ஈயம். ஒவ்வொன்றும் அசல். ஒவ்வொன்றும் எனக்குப் பழக்கமானது. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை தடவை இதைத் திறந்து பார்த்திருக்கிறேன்!

"ஒயர் புதுசுக்கா" என்றேன். "மாத்தியிருக்காக."

ம்ம்ம்ம்ம்...

மூலையிலிருந்த ஆம்பிளிஃபையர் உறுமியது.

கரண்ட் இல்லை. தெருவே இருட்டு.

"பேட்டரி?" என்றேன்.

"சார்ஜுக்குப் போயிருக்கு." சீனிச்சாமி ஆம்பிளிஃபையரைவிட்டு விலகி நின்றார்.

உறுமல் சுவரில் ஏறியது. தொங்கிய புனல்கள் ஒவ்வொன்றாக அதை வாங்கிக்கொண்டன. அறை முழுக்க அந்த ஒற்றை ஓசை. பல்லில் உணர்ந்தேன். மெழுகுவர்த்திச் சுடர் ஆடவே இல்லை.

"பொன்னுராஜ், பொய் சொல்லாதய்யா" என்றார் சீனிச்சாமி என்னைப் பார்த்து. "நீ வேறன்னு சொல்லும்போதெல்லாம் அது..."

"நீங்க பேசாம இருங்க!" அக்கா கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை.

உறுமல் நின்றது.

இனி ஒரே சோதனைதான் பாக்கி. கழுத்தும் உடலும் சேருகிற இடத்தில் நான்கு ஸ்க்ரூ. கழுத்தைக் கழற்றினால் உள்ளே வெறும் மரம் தெரியும். அந்த மரத்தில் அண்ணன் தன் கல்யாணத் தேதியைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். அவருக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். அது இருந்தால் எல்லாம் முடிந்தது. பிறகு எந்தப் பொய்யும் செல்லாது.

ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தேன். 

கிடாரை நேராகத் திருப்பி வைத்தேன். கொஞ்ச நேரம் கிடைக்கட்டும் என்று கழுத்தைத் தடவிக்கொண்டே போனேன். கழுத்து சூடாக இருந்தது. கை வைத்து எடுத்த சூடு.

தலைமாடு வரை வந்தேன்.

நின்றேன்.

கழுத்து முடிந்து தலை ஆரம்பிக்கிற இடத்தில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு துண்டு குறுக்கே இருக்கும். ஆறு கம்பிகளும் அதன் பள்ளங்களில் உட்கார்ந்து போகும். நாங்கள் அதை நட் என்போம். அண்ணன் கிடாரில் அது வெள்ளை வெளேர் என்று வழவழப்பான பிளாஸ்டிக்.

இது பிளாஸ்டிக் இல்லை.

மங்கலான மஞ்சள் வெள்ளை. கையால் அரம் போட்ட தடம். பள்ளங்கள் கோணல் மாணல். நகத்தால் தட்டினேன். ஏதோ கொம்பு அல்லது எலும்பு.

"அக்கா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "இது நெசமாவே வேற. இந்தத் துண்டு அண்ணன் கிடார்ல கெடையாது. சத்தியமா."

காத்திருந்தேன்.

சத்தம் இல்லை.

கம்பி அதிரவில்லை. உறுமல் இல்லை. மழைகூட நின்ற மாதிரி இருந்தது.

பிறகு மெதுவாக...

கிர்ர்... கிர்ர்...

முறுக்காணிகள் தாமாகத் திரும்பின. மூன்று பேரும் பார்த்தோம். கறுப்புப் பெயின்ட் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஆறு கம்பிகளும் சேர்ந்தாற்போல் தளர்ந்தன. சுருதி கீழே, கீழே, கீழே இறங்கியது. ஒரு மனிதன் மூச்சு விடுகிற மாதிரி.

அந்தத் துண்டு பிடி விட்டு உருண்டது.

மேசை விளிம்பு வரை வந்தது.

அக்காவின் மடியில் விழுந்தது.

அவர் அதைக் கையில் எடுத்தார். மெழுகுவர்த்தியில் காட்டினார். சிரித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"வேற! நீயே சத்தியம் பண்ணிட்ட. அப்ப அவுக கிடார் அவுககிட்டத்தான் இருக்கு. எங்கனயோ இருக்காக தம்பி. எங்கனயோ வாசிச்சுக்கிட்டு இருக்காக."

"டீச்சரம்மா, அந்தத் துண்ட மட்டும் எவனாச்சும் மாத்தியிருக்கலாம்ல..." என்று சீனிச்சாமி ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன்.

கரண்ட் வந்தது. ஆம்பிளிஃபையரைப் பார்த்தேன்.

அதன் ஒயர் பிளக்கில் இல்லை. சுருட்டிக் கட்டி மேலே வைத்திருந்தது.

கிருபாவதி அக்கா அந்தத் துண்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கடைசி பஸ்ஸில் போனார். கிடாரைச் சீனிச்சாமி என் தலையில் கட்டினார். "எனக்கு வேணாம்ப்பா. இது இங்கன இருந்தா நான் கடையத் தொறக்க மாட்டேன்."

மறுநாள் பகலில், வெயிலில், வீட்டு முற்றத்தில் வைத்து நான்கு ஸ்க்ரூவையும் கழற்றினேன்.

பென்சில் எழுத்து அழியாமல் இருந்தது. கல்யாணத் தேதி. அடியில் 'கிருபா' என்று சின்னதாக.

அந்த டிசம்பர் மழை ஓய்ந்ததும் மேகமலை ஜீப் ஒன்றில் ஏறினேன். எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் தச்சர் ஒச்சாண்டியைக் கண்டுபிடிக்கச் சிரமம் இருக்கவில்லை. கதவு ஒன்றுக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தார். கிடார் என்றதும் சிரித்தார்.

"அந்த டொய்ங் டொய்ங் பெட்டியா? நல்லாப் பாடுதாங்க?"

"எங்க கெடச்சுச்சு?"

"ரெண்டரை வருசம் இருக்கும். கோடையில வெறகுக்குப் பள்ளத்துல எறங்குனேன். ரோட்டு வளைவுக்கு நேர் கீழ. பாற இடுக்குல மழ படாமச் சொருகிக் கெடந்துச்சு. கலரு அங்கங்க பொரிஞ்சு போயிருந்துச்சு. பாக்டரி கேட்டுக்கு அடிச்ச பெயின்ட்டு மீதி இருந்துச்சு. அடிச்சு விட்டேன்."

"தலைமாட்டுல ஒரு துண்டு வச்சிருக்கீகளே..."

"பழசு ஒடஞ்சு போச்சுங்க. அதான் எலும்புல செதுக்கி வச்சேன். இங்கன எல்லாரும் கத்திப்பிடிக்கு அதத்தான போடுறது. கடமான் எலும்பு."

"கடமானுன்னு எப்படித் தெரியும்?"

அவர் இழைப்புளியை நிறுத்தினார். யோசித்தார்.

"செந்நாய் கடமான அடிக்கிற எடம்ங்க அது. ரெண்டு மூணு எலும்பு செதறிக் கெடந்துச்சு. இது மட்டும் வாகா இருந்துச்சு. தேடவே வேணாம்."

"ஏன்?"

"பெட்டியிலயே இருந்துச்சுங்க. கழுத்துப் பக்கம். கம்பிக்கும் கட்டைக்கும் நடுவுல மாட்டி நின்னுச்சு. கம்பியப் புடிச்சுக்கிட்டு இருக்கிற மாதிரி."

 கிடாரின் கழுத்தில், கம்பிகளின் மேல், இருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

வாசிக்கிறவனின் இடது கை.

அந்த வளைவுக்குப் போனேன். போலீஸும் வந்தது. பள்ளமே இல்லை. அந்த மழையில் சரிவு முழுவதும் மண்ணோடும் மரத்தோடும் இறங்கிப் போயிருந்தது. ஓர் எலும்புகூடக் கிடைக்கவில்லை. ஒரு பொத்தான்கூடக் கிடைக்கவில்லை. ஒரு மரவேலைக்காரர் பேச்சை வைத்து எதுவும் எழுத முடியாது என்று போலீஸ் திரும்பிவிட்டது.

ஞானதுரை அண்ணனில் மிச்சம் இருந்தது அந்தச் சுண்டுவிரல் நீளத் துண்டு மட்டும்தான்.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அல்லிநகரத்தில் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா அப்போதுதான் ஆராதனை முடிந்து வந்திருந்தார். முகம் தெளிந்திருந்தது. மூன்று வருடத்தில் அப்படி நான் பார்த்ததில்லை.

"உக்காரு தம்பி. காப்பி போடுறேன்."

குனிந்து டம்ளரை வைத்தபோது அவர் கழுத்துச் சங்கிலி முன்னால் ஆடியது. சிலுவை பொறித்த தாலி. அதற்குப் பக்கத்தில்...

அந்தத் துண்டு.

கம்பி உட்காரும் பள்ளத்தில் நூல் கட்டித் தாலியோடு கோத்திருந்தார்.

"என்னக்கா இது?" என்றேன்.

"அவுக உசுரோட இருக்காகங்கிறதுக்கு எங்கிட்ட இருக்கிற சாட்சி இது ஒண்ணுதான? அதான் கழட்டுறதே இல்ல." கொஞ்சம் வெட்கப்பட்டார். "சொன்னாச் சிரிப்ப. இதப் போட்டதுலருந்துதான் நல்லாத் தூக்கம் வருது. தூங்கும்போது யாரோ கழுத்துல ஒரு விரல வச்ச மாதிரி இருக்கு. பயமா இல்ல தம்பி. சூடா இருக்கு."

சொல்ல வந்ததைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

"அந்த வெரலு சும்மா இருக்காது தம்பி" என்றார் அக்கா. தன் தொண்டைக்குழியில் ஆள்காட்டி விரலை வைத்தார்.

மெதுவாகத் தட்டிக் காட்டினார்.

டக்... டக்... டக்...

ஒரு மூச்சு இடைவெளி.

டக்.